பேசாத சுட்டி: லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி சுட்டியை இயங்கச் செய்தல்

‘மௌஸ் வேலை செய்யவில்லை.’ கணினி புழங்கும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் தொடர்களுள் இதுவும் ஒன்று. இலக்கண அளவில் இதில் குறையில்லை. எழுவாய் இருக்கிறது, எதிர்மறைப் பயனிலையும் இருக்கிறது. பொருளளவிலோ இது ஏறக்குறைய வெற்றுத் தொடர். மருத்துவரிடம் சென்று ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் கூறிவிட்டு அமர்ந்திருப்பதற்கு இது ஒப்பாகும். சுட்டியின் அடியிலுள்ள விளக்கு எரியவில்லையா? விளக்கு எரிந்தும் கணினிக்கு அது தெரியவில்லையா? கணினிக்குத் தெரிந்தும் திரையில் அம்புக்குறி நகரவில்லையா? நகர்ந்துகொண்டிருந்த ஒன்று சற்று நேரத்தில் உறங்கிவிடுகிறதா? எரிதல், தெரிதல், நகர்தல், உறங்குதல் என்னும் நான்கு வினைகளும் நான்கு வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கின்றன. எந்த வினை பொருந்துகிறது என்று கண்டுகொண்டவருக்குத் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

இதை ஒரு பொது உரைக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, வன்பொருளில் சில புதிய கூறுகளை எதிர்பார்க்கிறது. பழைய கணினிகள் பல அதற்கு இடங்கொடா. அத்தகைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வழங்கல்களை அதில் நிறுவிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மகனோ பேத்தியோ ஓய்வு நாளில் வந்து நிறுவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் சுட்டி நின்றுவிட்டால், தொலைபேசியில் கோளாற்றை விளக்க வேண்டியவர் அதன்முன் அமர்ந்திருக்கும் மூத்தவர்தாம். அவரிடம் சொற்கள் இருக்க வேண்டும். அவை அவருடைய மொழியில் இருக்க வேண்டும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 1964இல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் அவருடைய உடனுழைப்பாளர் பில் இங்கிலீஷும் உருவாக்கிய மரக்கட்டைக் கருவிக்கு, வால்போல் நீண்ட கம்பியைக் கண்டு எலியின் பெயர் வழங்கலாயிற்று என்பர். மலாய்மொழி அந்த உருவகத்தை ஏற்றுக்கொண்டு ஒரு நுட்பம் செய்தது. எலியைக் குறிக்கும் ‘திக்குஸ்’ என்னும் சொல்லின் முதலசையை இரட்டித்து, கருவிக்குத் ‘தெத்திக்குஸ்’ என்று பெயரிட்டது. விலங்கும் கருவியும் குழம்பவே இடமில்லை. தமிழில் சுட்டெலி, சொடுக்கி, சுட்டி எனப் பல பெயர்கள் உலவின. அவற்றுள் ‘சுட்டி’யே எனக்கு உவப்பானது. மண்வெட்டி, பாக்குவெட்டி என்பவற்றில் உள்ள அதே இகர விகுதிதான் இங்கும் வினையடியைக் கருவிப் பெயராக்குகிறது. அன்றியும், அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளை எழுத்ததிகாரத்திலேயே பிரித்துணர்ந்த மரபுக்கு, ‘அது’, ‘இது’ என்று காட்டும் ஒரு கருவியைச் சுட்டி என்பது இயல்பாகவே வரும். இணைய இணைப்பையும் சிலர் சுட்டி என்கிறார்கள். குறும்புக்காரப் பிள்ளையும் சுட்டிதான். நெற்றியில் அணிவதும் சுட்டிதான். இடம் நோக்கிப் பொருள் கொள்வது நமக்குப் புதிதன்று.

இனிச் செயலுக்கு வருவோம். சுட்டி இயங்காதபோது கணினியை விசைப்பலகையால் மட்டுமே ஆள வேண்டியிருக்கும். உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் கன்ட்ரோல், ஆல்ட், டி என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் முனையம் எனப்படும் கட்டளைச் சாளரம் திறக்கும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும். தமிழ்99 அல்லது அஞ்சல் விசைமுறை செயலில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். தமிழ் எழுத்துகளில் கடவுச்சொல்லை இட்டுவிட்டு, கணினி தன்னை மறுக்கிறதே என்று வருந்துவோர் உண்டு. கடவுச்சொல் இடும்போது முனையத்தில் எழுத்து எதுவும் தோன்றாது என்பதால் தவறும் கண்ணில் படாது.

முதல் வினை, எரிதல். பழைய யுஎஸ்பி வடத்தினுள் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு மின்சாரத்திற்கு; அவற்றின் வழியே 5 வோல்ட் மின்னழுத்தம் வருகிறது. மற்ற இரண்டு பேச்சுக்கு. அடிவிளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் மின்சாரத்தில்தான். லினக்ஸைக் குறைகூற அங்கே இடமே இல்லை. வேறொரு செருகுவாயில், அதாவது வேறொரு யுஎஸ்பி போர்ட்டில், செருகிப் பாருங்கள். பல கிளைகள் கொண்ட இணைப்புப் பெட்டியின் வழியே செருகியிருந்தால் அதை விலக்கிவிட்டு நேரே கணினியில் செருகுங்கள். மற்றொரு கணினியிலும் எரியவில்லையென்றால் வடத்தின் உள்ளே கம்பி அறுந்திருக்கக்கூடும். சுட்டியின் கழுத்துப் பகுதியில் வடம் மடங்கி மடங்கி அறுவது வழக்கம். ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். சில சுட்டிகள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் விளக்கு எரிவதைக் காண முடியாது. கம்பியில்லாச் சுட்டியானால் மின்கலத்தையும், அடிப்பக்கத்தில் உள்ள சிறு பொத்தான் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

இரண்டாவது வினையாகிய தெரிதலே இவ்வுரையின் நடுப்பகுதி. செருகிய கணத்தில் சுட்டிக்கும் கணினிக்கும் இடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது. லினக்ஸின் உள்மையமாகிய கெர்னலைக் ‘கருவகம்’ என்று அழைப்போம். கணினியின் சார்பில் பேசுவது அதுவே. இந்த உரையாடலின் முதல் விதி, சுட்டி தானாக வாய் திறப்பதில்லை என்பது. கேட்டால்தான் பேசும். அது செய்யக்கூடியதெல்லாம், பேச்சுக்கான இரு கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தி, வந்திருக்கிறேன் என்று காட்டுவது மட்டுமே. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதிலிருந்து வந்திருப்பது மெதுவாகப் பேசுவதா, விரைந்து பேசுவதா என்று கணினி அறிந்துகொள்ளும். சாதாரணச் சுட்டிகள் பெரும்பாலும் மெதுவாகப் பேசும் வகையின. யுஎஸ்பி உலகில் மெதுவென்பது விநாடிக்கு 1.5 மெகாபிட்.

அடுத்து, வந்தவரின் பேச்சுநிலையை ஒருமுறை துடைத்துத் தொடக்கத்திற்குக் கொண்டுவந்து, அதற்கு 1 முதல் 127 வரையிலான எண்களுள் ஒன்றை முகவரியாகக் கருவகம் வழங்குகிறது. பிறகு, ‘நீ யார்?’ என்று கேட்கிறது. சுட்டி 18 பைட்டுகளில் விடை தருகிறது. தன்னைச் செய்த நிறுவனத்தின் எண், தன் எண், தான் பின்பற்றும் யுஎஸ்பி பதிப்பு முதலியன அதில் அடக்கம். வெறும் 18 பைட்டுகள். ஓர் ஆளின் அடையாள அட்டையிலுள்ள செய்தியைவிடக் குறைவு.

இந்த உரையாடலை நாம் ஒட்டுக்கேட்க முடியும். லினக்ஸைப் பிறவற்றினும் நான் விரும்பக் காரணமும் இதுவே: அது தன் நாட்குறிப்பை மறைப்பதில்லை. முனையத்தில் ‘சூடோ’ என்பதற்குரிய எஸ், யு, டி, ஓ, ஓர் இடைவெளி, பின்பு டி, எம், இ, எஸ், ஜி, மீண்டும் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடும் டபிள்யூவும். அனைத்தும் சிற்றெழுத்துகளில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுத்தபின், சுட்டியைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள். புதிய வரிகள் தோன்றினால் கருவகம் எதையோ கேட்டிருக்கிறது என்று பொருள். ‘நியூ லோ-ஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ்’ என்று தொடங்கும் வரி வந்தால் கதவு தட்டப்பட்டது. அதையடுத்து நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் கொண்ட வரி வந்தால் அறிமுகம் முடிந்தது. எதுவுமே தோன்றவில்லையென்றால், தட்டும் ஓசையே கேட்கவில்லை. எரிதல் என்னும் முதல் வினைக்கே திரும்ப வேண்டும்.

இடையில் ‘எரர்’ என்னும் சொல்லும் ஒரு கழித்தல் எண்ணும் வருவதுண்டு. -71 என்றால் சுட்டி ஏதோ சொன்னது, ஆனால் அது பேச்சு விதிக்கு உட்படவில்லை. -110 என்றால் கேள்வி கேட்கப்பட்டது, உரிய நேரத்திற்குள் விடை வரவில்லை. ஒன்று குழறல், மற்றொன்று மௌனம். இரண்டிற்கும் பொதுவான காரணங்கள் பழுதுற்ற வடம், தளர்ந்த செருகுவாய், போதாத மின்சாரம் ஆகியவை. பலமுறை கேட்டும் பயனில்லாதபோது, இந்தச் சாதனத்தை அறிய இயலவில்லை என்று எழுதிவிட்டுக் கருவகம் ஒதுங்கிக்கொள்ளும். இந்நிலையில் மென்பொருளை மாற்றி மாற்றி நிறுவுவது வீண்வேலை.

கன்ட்ரோல், சி விசைகளால் இக்கட்டளையை நிறுத்திவிட்டு, எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்து எழுத்துகளை இடைவெளியின்றி இட்டால், அப்போது இணைந்திருக்கும் யுஎஸ்பி சாதனங்களின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் நடுவே ஒரு முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் இருக்கும். முன்னது நிறுவனம், பின்னது பொருள். 046டி என்பது லாஜிடெக் நிறுவனத்தைக் குறிக்கும். எண்ணில் எழுத்து வருவது கண்டு மயங்க வேண்டா. பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறை அது.

பலருக்கு இங்கே ஓர் ஐயம் எழும். பெயர் தெரியாத நிறுவனம் செய்த, கடைத்தெருவில் மலிவாக வாங்கிய சுட்டிக்குமா லினக்ஸில் இயக்கி இருக்கும்? இருக்கும், காரணம், கருவகம் பெரும்பாலும் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, வகுப்பைப் பார்க்கிறது. தமிழிலக்கணம் பயின்றவர்க்கு இது எளிது. வந்தவரின் பெயர் எதுவாயினும், உயர்திணை ஆண்பாலானால் ‘வந்தான்’, அஃறிணை ஒருமையானால் ‘வந்தது’. வினைமுற்றின் ஈற்றைத் தீர்மானிப்பது பெயரன்று, திணையும் பாலும். யுஎஸ்பியிலும் அப்படியே. மனிதர் கையாளும் உள்ளீட்டுச் சாதனங்கள் அனைத்திற்கும் வகுப்பெண் 3. அதனுள் எளிய தொடக்கநிலைப் பேச்சைப் பேச வல்லவை துணைவகுப்பு 1. அவற்றுள் விசைப்பலகை 1, சுட்டி 2. மூன்று எண்களில் சுட்டியின் திணை, பால் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ‘யுஎஸ்பிஹிட்’ என்னும் பொது இயக்கி வந்து பொறுப்பேற்றுக்கொள்கிறது. குறுவட்டிலிருந்து இயக்கியை நிறுவிய காலம் நினைவிருக்கிறதல்லவா? சாதாரணச் சுட்டிக்கு அது தேவையே இல்லை.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததன்று. யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996இல் வெளியாயிற்று. லினக்ஸில் அதற்கு நிறைவான ஆதரவு, 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்போடுதான் பரவலாகக் கிடைத்தது. அக்காலத்தில் திரைக்காட்சியை ஆளும் மென்பொருளுக்கென ஓர் அமைவுக் கோப்பு இருந்தது. சுட்டி எங்கே இருக்கிறது, எந்த விதிப்படி பேசுகிறது, சக்கரத்தின் சுழற்சி எந்தப் பொத்தான்களாகக் கருதப்பட வேண்டும் என்பனவற்றைப் பயனரே அதில் எழுத வேண்டியிருந்தது. அக்கால அறிவுரைகள் இன்றும் தேடுபொறிகளில் அகப்படுகின்றன. அவற்றை நம்பி அந்தக் கோப்பைப் புதிதாக உருவாக்கினால், சுட்டி போனதோடு திரைக்காட்சியும் போய்விடக்கூடும். இன்றைய லினக்ஸில் சாதாரணச் சுட்டிக்காக அப்படி ஒரு கோப்பை எழுதுவதற்குத் தேவை இல்லை.

சுட்டியின் அறிமுகத்தில் மொழியியலாளன் கடந்துபோக இயலாத ஒரு பகுதி உண்டு. தன் பெயரை எழுத்தில் சொல்லுமாறு கேட்கப்படும்போது, ‘எந்தெந்த மொழிகளில் சொல்ல வல்லேன்’ என்று ஒரு பட்டியலைச் சுட்டி முதலில் தர வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எண். அமெரிக்க ஆங்கிலத்திற்கு 1033, மலேசிய மலாய்க்கு 1086, தமிழுக்கு 1097. இந்த மொழியெண் பட்டியலை யுஎஸ்பி தரத்தைப் பேணும் அமைப்பு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடி உத்தமம் அமைப்பு உருவானதும் அதே ஆண்டில்தான். பெயரை ஒருங்குறியில் எழுத வேண்டும் என்பதும் விதி. எனவே தமிழில் தன் பெயரைச் சொல்லும் சுட்டியைச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. ‘சுட்டி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணப்படி சு, ட், டி என மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ சகரம், உகரக்குறி, டகரம், புள்ளி, டகரம், இகரக்குறி என ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டு, தலைப்புக்கு இரண்டு, ஆக 14 பைட்டு. ஒரு பெயருக்கு 255 பைட்டு வரை இடமுண்டு. இவ்வளவு இடமிருந்தும், தங்களைப் பற்றி ஏதேனும் சொல்லும் சுட்டிகளுள் பெரும்பாலானவை 1033ஐ மட்டுமே தருகின்றன. மலிவானவை சில பெயரே சொல்வதில்லை.

தயாரிப்பாளரை மட்டும் குறைசொல்வதும் நேர்மையாகாது. ஒரு சுட்டி இரண்டு மொழிகளைப் பட்டியலிட்டால், லினக்ஸ் கருவகம் முதலில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கணினிக்கு உரியவர் எந்த மொழியில் புழங்குகிறார் என்று அது பார்ப்பதில்லை. திரைமுகப்பைத் தமிழில் வைத்திருப்பவருக்கும் சாதனத்தின் பெயர் ஆங்கிலத்திலேயே தெரிவதற்கு இரு பக்கமும் காரணம் உண்டு. தமிழுக்கென இருக்கை போடப்பட்டிருக்கிறது. அழைப்பு அனுப்புவார் இல்லை.

மூன்றாவது வினை, நகர்தல். அறிமுகம் முடிந்தபின், தான் அனுப்பப்போகும் செய்தியின் அமைப்பையும் சுட்டி முன்கூட்டியே விவரித்துவிடுகிறது: இத்தனை பொத்தான், இது கிடைநகர்வு, இது செங்குத்து நகர்வு, இது சக்கரம் என்று. தொடக்கநிலைப் பேச்சில் ஒரு செய்தி மூன்றே பைட்டு. முதலாவது பொத்தான்களின் நிலை, இரண்டாவது இடவலம், மூன்றாவது மேல்கீழ். ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று சுட்டி ஒருபோதும் சொல்வதில்லை. ‘சென்ற முறைக்கு இப்போது இவ்வளவு நகர்ந்தேன்’ என்பதே அதன் ஒரே கூற்று. மேசையிலிருந்து தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்பது இதனால்தான். விநாடிக்கு 125 முறை வரை, ‘நகர்ந்தாயா?’ என்று கருவகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பட்டியலில் சுட்டி தெரிந்தும் அம்பு நகரவில்லையென்றால், செய்தி எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு பழைய உத்தி இருக்கிறது. ‘சூடோ’, ஓர் இடைவெளி, ‘கேட்’ என்னும் மூன்றெழுத்துக் கட்டளை, மீண்டும் ஓர் இடைவெளி, பின்பு சாய்கோடு டெவ், சாய்கோடு இன்புட், சாய்கோடு மைஸ் என இடுங்கள். மைஸ் என்பது ஆங்கிலத்தில் மௌஸின் பன்மை. எல்லாச் சுட்டிகளின் பேச்சும் அங்கே ஒன்றாகச் சேர்கிறது. இப்போது சுட்டியை அசைத்தால் பொருளற்ற குறிகள் முனையத்தில் கொட்ட வேண்டும். கொட்டினால், கருவகம்வரை எல்லாம் சரி. கோளாறு அதற்கு மேலுள்ள திரைமுகப்பில் இருக்கிறது. ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் பெரும்பாலும் தீரும். மடிக்கணினியில் தொடுபலகையின் அசைவும் அங்கேயே சேரும் என்பதால் சோதிக்கும்போது அதைத் தொடாதிருங்கள்.

குறிகள் கொட்டவில்லையெனில் இயக்கி ஏறவில்லை என்று கருதலாம். ‘சூடோ மாட்புரோப் யுஎஸ்பிஹிட்’ என்னும் கட்டளை அதை ஏற்றும். மாட்புரோப் என்பதை எம், ஓ, டி, பி, ஆர், ஓ, பி, இ என எழுத வேண்டும். யுஎஸ்பிஹிட் என்பதை யு, எஸ், பி, எச், ஐ, டி என எழுத வேண்டும். அந்தக் கூறே காணப்படவில்லை என்று விடை வந்தால், அண்மையில் இயங்குதளம் மேம்படுத்தப்பட்டிருக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழைய கருவகம், வட்டில் இருப்பவை புதிய கருவகத்திற்குரிய கூறுகள். சில வழங்கல்களில் இப்படி நேர்வதுண்டு. கணினியை மீண்டும் தொடங்கினால் இரண்டும் பொருந்திவிடும்.

உறங்குதல் வேறு வகை. சுட்டி நன்றாக இயங்குகிறது. சில நொடி தொடாமல் விட்டால் அசைவுக்கு மசிவதில்லை. பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்கிறது. இது பழுதன்று, சிக்கனம். மின்சாரத்தைச் சேமிக்க யுஎஸ்பி சாதனங்களை உறங்கவைக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. இயல்பாக அது சுட்டியைத் தொடுவதில்லை. மடிக்கணினியின் மின்கலம் நீடிக்க வேண்டுமென்று பவர்டாப் போன்ற கருவியை நிறுவி, அதன் தானியங்கு அமைவை யாரேனும் முடுக்கிவிட்டிருந்தால் சுட்டியும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். நிறுவிக் கொடுத்தவரிடம், ‘மின்சிக்கனத்திற்கு ஏதேனும் போட்டாயா?’ என்று கேட்பதே குறுக்குவழி. சுட்டியை மட்டும் அதன் பட்டியலிலிருந்து விலக்கிவிடச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

வடம் அறுந்த சுட்டிக்கு மாற்றுச் சுட்டி வாங்கும்வரை கணினியை மூடிவைக்க வேண்டியதில்லை. அமைவுகளில் அணுகல்வசதி என்னும் பகுதிக்கு டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் சென்று, ‘மௌஸ் கீஸ்’ என்பதை இயக்கிவிடுங்கள். விசைப்பலகையின் வலப்புறமுள்ள எண்பகுதியில் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம் என அம்புக்குறி நகரும், 5 சொடுக்கும். எண்பகுதி நகர்த்தவில்லையெனில் நம்லாக் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.